கோபாலகிருஷ்ண பாரதியாரும் நாம் போற்றும் ஐந்து பாட்டுகளும்

இயலும் இசையும் உடன்பிறந்தவை என்று மேடைதோறும் பேசுகின்றோம். பேசி முடித்து வகுப்பறையினுள் நுழைந்ததும் அவ்விரண்டையும் பாகம் பிரித்து விடுகின்றோம். செய்யுளைத் தமிழாசிரியர் எடுத்துக்கொள்வர். கீர்த்தனத்தைச் சங்கீத ஆசிரியர் கொண்டுபோவர். இப் பாகப்பிரிவினையில் உரிய பங்கு கிடையாமற்போன பெரியார் ஒருவர் உளர். அவரே நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். இக்கல்லூரியிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராகி, இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் நாம், இவ்விழா மலரில் அவருடைய பாட்டுகளை வரிசைப்படுத்த முற்படுவது சங்கீத ஆசிரியர்களின் எல்லைக்குட் புகுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அவ்வெல்லையே வேண்டாததென்பது நம் கருத்து.

தாமே சொல்லை ஆக்கி, தாமே அதற்கு மெட்டமைத்து, தாமே பாடுபவரை வடநூலார் வாக்கேயகாரர் என்பர். மேனாடுகளிலும் இத்தகையோர் உளர். 2016ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பாட்டு இலக்கியமாகுமா என்ற வழக்கு உலகெங்கும் எழுந்தது. தமிழுலகில் அவ்வழக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மாயூரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்து முடிந்துவிட்டது.

அவ்வரலாற்றை நமக்குச் சொல்லிவைத்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பாரதியார் நந்தனார் சரித்திரத்தை இயற்றிய பின்னர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டி நின்றார். பிள்ளையவர்கள் எளிதில் இசைந்தாரல்லர். கதை பெரியபுராணத்தினின்றும் மாறிச் செல்கின்றது, பாட்டுகளில் இலக்கண வழுக்கள் மலிந்துள்ளன, இவையே தடைகள். பாரதியார் பலமுறை வந்தார்; பலமுறை வெறுங்கையோடு திரும்பினார். ஈற்றில் ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக் கொண்டிருக்க, பாரதியார் வெளியே இருந்து தம் பாட்டைத் தாமே பாடலானார். அதைக் கேட்ட புலவரேற்றின் நெஞ்சம் நெகிழ்ந்தது, பாயிரமும் கிடைத்தது. இலக்கணம் தோற்றதென்று இதனை நாம் கொள்வதில்லை. பெரும் புலவர் ஒருவர், தாம் அளந்த கோலினும் நீண்ட பொருள் ஒன்று உண்டென்று கண்டுகொண்டார் என்றே கொள்கின்றோம்.

ஆயினும் வழக்கு முற்றாக ஓய்ந்ததன்று. சாமிநாதையர் இளைஞராய் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்கச் சென்ற காலத்தில், பாரதியாரிடம் சங்கீதமும் பயின்று வந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி குன்றும் என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அதனை அறிந்த மாணாக்கர் சங்கீதப் பயிற்சியை நிறுத்திவிட்டார். அன்று தொடங்கிய பிரிவு இன்றுவரை நம் கால அட்டவணையில் இரு வேறு பாடங்களாக நிற்கின்றது. ஐயரவர்களோ ஆசிரியரை மறந்தாரல்லர். 1936இல் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார்.

இனி வரிசைக்கு வருவோம். எவ்வளவு கொண்டு அளப்பது என்பதை முன்னரே கூறிவிடுதல் நேர்மையாகும். இராகத்தின் அருமை பெருமைகளை எடைபோடும் தகுதி நமக்கில்லை. நம் அளவு மூன்று. மெட்டை நீக்கி வாய்விட்டு வாசித்தாலும் பாட்டு நிற்கவேண்டும். அதனைப் பாடும் பாத்திரத்தின் வாயிற் பிறந்த சொல்லாக அச்சொல் இருக்கவேண்டும். வயலில் நின்று வீடு திரும்பும் ஒருவர் கேட்டால் உரையின்றி விளங்கவேண்டும். இம் மூன்றாலும் அளந்தே பின்வரும் ஐந்தையும் கீழிருந்து மேலாக அடுக்குகின்றோம்.

ஐந்தாம் இடம் “சபாபதிக்கு வேறு தெய்வம்” என்று தொடங்கும் ஆபோகி இராகக் கீர்த்தனத்துக்கு. சங்கீத உலகில் அவர் பெயரை நிறுத்தியது இதுவே எனலாம். பாரதியார் திருவையாற்றில் தியாகராச சுவாமிகளைக் காணச் சென்றபோது, அவர்தம் சீடர்கள் ஆபோகிக் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர் என்றும், நீர் ஆபோகியில் ஏதும் பாடியதுண்டோ என்று சுவாமிகள் வினவினார் என்றும், பாரதியார் இதனை இயற்றி வந்து பாடினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருவர். சுவாமிகள் மறைந்தது 1847இல். ஆதலின் இது பாரதியாரின் முற்பகுதிப் பாட்டுகளுள் ஒன்றாகும். சிதம்பரத்து இறைவனை ஒப்பற்றவன் என்று போற்றும் இப்பாட்டின் சரணத்திலேயே புலையர் மூவர் பேறு பெற்ற செய்தியை அவர் கொண்டுவந்து வைக்கின்றார். கேட்போர் இராகத்தின் அழகில் மயங்கி அவ்விடத்தைக் கடந்துவிடுவர். நந்தனார் சரித்திரம் முளைக்கும் வித்து அங்கே கிடக்கின்றது. எனினும், பாடுபவர் ஒரு பாத்திரமாக அன்றிப் பத்தராக நின்று பாடுவதால், நம் இரண்டாம் அளவுக்கு இப்பாட்டில் இடமில்லை. அதனாலேயே ஐந்தாம் இடம்.

நான்காம் இடம் வசந்தா இராகத்து “நடனம் ஆடினார்” என்னும் பாட்டுக்கு. ஆடல்வல்லானின் ஆட்டத்தைச் சொல்லாலேயே ஆடிக்காட்டும் பாட்டு இது. திசைகள் நடுங்குவதையும் கங்கையின் துளி சிதறுவதையும் வல்லின மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து மோதும் ஓசையாலேயே அவர் உணர்த்திவிடுகின்றார். இரட்டைக்கிளவிக்கும் ஒலிக்குறிப்புக்கும் உதாரணம் தேடி இலக்கண நூல்களைப் புரட்டும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: ஆண்டு ஒன்பது மாணவர்க்கு இப்பாட்டை ஒருமுறை கேட்கச் செய்து, அதன் பின்னர் இலக்கணத்தைச் சொல்லுங்கள். நாம் அவ்வாறு செய்து பயன் கண்டுள்ளோம். நம் நாட்டு வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்பாட்டின் நடை அந்நியமாகத் தோன்றுவதில்லை. மேசையில் விரல்கள் தாமே தாளம் போடத் தொடங்கிவிடும்.

மூன்றாம் இடம் நந்தனார் சரித்திரத்தில் வரும் “வழி மறைத்திருக்குதே” என்னும் பாட்டுக்கு. இக்காலக் கச்சேரிகளில் நாட்டைக்குறிஞ்சியில் பாடுவர். திருப்புன்கூர்க் கோயில் வாயிலில் நந்தனார் நிற்கின்றார். உட்புக அவருக்கு உரிமையில்லை. வெளியிலிருந்தாவது இறைவனைக் காணலாமென்றாற் பெரிய நந்தி நடுவே கிடந்து மறைக்கின்றது. அவ் வேளையில் அவர் வாயிற் பிறக்கும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். புராணிகர் ஒருவர் பாடியிருந்தால் இடபம் என்றிருப்பர், விடை என்றிருப்பர், அதிகார நந்தி என்றிருப்பர். பாரதியாரின் நந்தனாரோ அதனை மாடு என்கின்றார். வாழ்நாளெல்லாம் மாட்டோடும் மண்ணோடும் உழன்றவருக்கு வழியிற் கிடப்பது மாடுதானே! அவ்வொரு சொல்லால் நந்தனார் நம் கண்முன் நின்றுவிடுகின்றார். “இருக்குதே” என்பது “இருக்கின்றதே” என வரவேண்டும் என்று திருத்துவது எளிது. திருத்திய பின்னர் அங்கே நிற்பவர் நந்தனார் அல்லர். நம்மைப் போல ஒரு தமிழாசிரியரே நிற்பார்.

இப்பாட்டு நம் மாணவர்க்கு எளிதில் விளங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலில், போர்த்துக்கேயர் முன்னிலையில் கல் நந்தி எழுந்து புல் தின்றதென்னும் கதையைக் கேளாத பிள்ளை மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் இல்லை. அங்கே நந்தி எழுந்தது அந்நியனுக்கு ஓர் உண்மையை உணர்த்த. திருப்புன்கூரில் விலகியது சொந்த ஊரான் ஒருவனுக்கு இறைவனைக் காட்ட. இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால் வகுப்பு தானே பேசத் தொடங்கும்.

இரண்டாம் இடம் மாஞ்சி இராகத்தில் அமைந்த “வருகலாமோ” என்னும் பாட்டுக்கு. நந்தனார் தில்லை எல்லையை அடைந்துவிட்டார். அடைந்த பின்னரும் அடியெடுத்து வைக்க அஞ்சுகின்றார். உள்ளே வரலாமா என்று இறைவனையே கேட்கின்றார். பாட்டின் சுமை முழுவதும் அந்த ஒரு வினாவில் இருக்கின்றது. “வரல்” என்னும் தொழிற்பெயரோடு “ஆம்” சேர்ந்து “வரலாம்” ஆவதே நாம் கற்பிக்கும் முறை. மாணவர் எவரேனும் “வருகலாம்” என்றெழுதினால் சிவப்பு மையாற் கீறுவோம். ஆயினும் அவ்விடத்தில் ஓரெழுத்து மிகுந்து நிற்பதனால், சொல் தயங்கித் தயங்கி நடக்கின்றது. கால் முன்னே போகின்றது, மனம் பின்னே இழுக்கின்றது. ஈற்றில் வரும் ஓகாரம் வினாப் பொருளோடு இரக்கத்தையும் ஐயத்தையும் சேர்த்துச் சுமக்கின்றது. ஓர் ஓகாரத்துக்கு இத்தனை வேலை கொடுத்த கவிஞர் மிகச் சிலரே.

இவ்வினாவைப் பழங்கதையென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. 1968ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டி மக்கள் போராடினர். பாரதியார் பாடி நூறாண்டு கடந்த பின்னரும் நம் நாட்டில் அதே வாயில், அதே வினா. மேலும் ஒன்றை மறையாது சொல்லல் வேண்டும். சேக்கிழார் நூலிலும் பாரதியார் கீர்த்தனையிலும் நந்தனார் தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக் கோயிலினுட் செல்கின்றார். இக்காலத்தார் அதனை வினவுகின்றனர். இந்திரா பார்த்தசாரதி “நந்தன் கதை” என்னும் நாடகத்தையே அவ்வினாவின்மேல் எழுப்பினார். வினவுவது நியாயமே. பாரதியார் அவ்வினாவுக்கு விடை கூறினாரல்லர். ஆனால் வினாவை யாரும் மறக்க முடியாத மெட்டில் வைத்துவிட்டுச் சென்றார்.

முதலிடம் எதற்கென்று கேட்பீர்கள். நந்தனார் வாயிற் பிறந்த பாட்டுக்கு அன்று. அவரை ஏவல்கொண்ட வேதியர் வாயிற் பிறந்த வசைப்பாட்டுக்கு. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் சென்றுவர விடை கேட்ட நந்தனாரை நோக்கி, உனக்கும் திருநாளா என்று வேதியர் எள்ளி நகையாடும் பாட்டு அது. அதன் முதலடியிலுள்ள சாதி வசையை இம் மலரில் அச்சேற்ற நாம் விரும்பவில்லை, அறிந்தோர் அறிவர். பத்திச் சுவை சொட்டும் பாட்டுகள் பலவிருக்க இதனைத் தலையில் வைப்பதேன்?

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் புராணத்தை 37 பாட்டுகளிற் பாடினார். அவற்றுள் வேதியர் என்னும் ஆண்டை எவரும் இலர். நந்தனார் தமக்குரிய மானியத்தில் வாழ்ந்து, கோயில்களின் பேரிகைக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர் என்பதே புராணம். அவரைத் தில்லைக்குப் போகவொட்டாமல் தடுத்தது அவருள்ளத்து அச்சமே. பாரதியாரோ தம் கண்ணெதிரே தஞ்சை நாட்டுக் காவிரி வயல்களைக் கண்டார். பண்ணையாரையும் பண்ணையாளையும் கண்டார். ஆகவே வேதியரைப் படைத்தார். தாமே அந்தணராயிருந்தும் ஆண்டையை அந்தணராக்கினார். அவர் வாயில் அவ்வசையை வைத்தார். 40 வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்று அவர் கட்டளையிடச் செய்தார். ஈற்றில் அவரையே நந்தனார் காலில் விழவும் வைத்தார். கதை பெரியபுராணத்தோடு மாறுபட்டதென்று பிள்ளையவர்கள் கண்ட குறை இதுவே. நாம் காணும் நிறையும் இதுவே. புராணத்தில் ஓர் அடியாரின் உள்ளத்துள் நிகழ்ந்த போரை, வயல்வரம்பில் இருவருக்கிடையே நிகழும் வழக்காக மாற்றினார் பாரதியார்.

ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6⅔ ஏக்கர். 40 வேலியென்றால் 265 ஏக்கருக்கு மேல். ஓர் இரவில் இத்தனையும் அறுத்துப் போரடிக்க இயலாதென்பது வேதியருக்கும் தெரியும். ஆதலின் அது விடையன்று, மறுப்பு. மறுப்பை அனுமதி போலச் சொல்லும் தந்திரம். இதனை விளங்கிக்கொள்ள நம் பகுதியார்க்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. போடியாரும் முல்லைக்காரரும் வாழ்ந்த நாடு இது.

நம் பாட்டனார் படுவான்கரையில் ஒரு போடியாரிடம் முல்லைக்காரராய் இருந்தவர். முல்லைக்காரர் என்போர் ஒரு போகம் முழுதும் வயலோடு கிடந்து உழைத்து, சூடு அடித்த பின்னர்க் களவெட்டியிலே நெல்லாகக் கூலி பெறுபவர். இடையில் வாங்கித் தின்ற நெல் அக்கூலியிற் கழியும். ஒரு சிறுபோக அறுவடைக் காலத்தில், கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போய்வர ஒரு நாள் விடை கேட்டாராம் பாட்டனார். “சூடு முடியட்டும், மறுகா பாப்பம்” என்றாராம் போடியார். வசையில்லை, அதட்டலுமில்லை. சூடு முடிய மூன்று நாள் சென்றது. தேர் அதற்கு முன்னரே ஓடி இருப்பிடம் சேர்ந்துவிட்டது. பாட்டனார் மறுநாள் சென்று, தேர்ச்சில் பதிந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பினார். அவர் வயலை அறுத்துக் கொடுக்கப் பூதகணங்கள் வந்தில. இதனை நம் தந்தையார் யாரையும் நோகாமல், ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

அதனாற்றான் அவ்வசைப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் நாம் பாட்டில் இல்லாத ஒன்றையும் கேட்கின்றோம். பாரதியாரின் வேதியர் ஏசுகின்றார். ஆகவே கேட்போர் அனைவரும் நந்தனார் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர். நம் போடியார் ஏசவில்லை. ஆகவே எவரும் எப்பக்கமும் சேரவில்லை. சொல்லப்படாத மறுப்புகளையும் சொல்லாக்கிக் காட்டும் ஆற்றல் அப்பாட்டுக்கு உண்டு. ஒருமுறை உயர்தர வகுப்பில் இக்காட்சியை விளக்கியபோது, பின்வாங்கில் இருந்து ஒரு மாணவர், “சேர், இது நம்மட ஊர்க் கதை மாதிரிக் கிடக்கு” என்றார். ஓர் இலக்கியத்துக்கு இதனினும் சிறந்த பாயிரம் உண்டோ?

இப்பாட்டின் ஆற்றலை அறிந்தவர் இன்னொரு பாரதியார். சுப்பிரமணிய பாரதியார் தம் தேசீயப் பாட்டுகள் சிலவற்றை நந்தனார் சரித்திர மெட்டுகளிலேயே அமைத்தார். “தொண்டு செய்யும் அடிமை” என்பது நாம் முதலிடம் தந்த பாட்டின் மெட்டில் எழுந்ததே. வேதியரின் இடத்தில் ஆங்கிலேயரும், நந்தனாரின் இடத்தில் பாரத மக்களும் நின்றனர். ஆண்டையின் குரலைப் பாடிக்காட்டினாலே போதும், அடிமையின் நியாயம் தானே விளங்கும் என்னும் உத்தியை முன்னவரிடம் பின்னவர் கற்றார்.

ஐந்துள் அடங்காது நின்ற பாட்டுகளையும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். ஜோன்புரியில் அமைந்த “எப்போ வருவாரோ” என்பதைக் கேட்டு உருகாதார் இலர். நம் அளவுகோலே அதனை வெளியே நிறுத்தியது. இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார் என்பதைப் பலர் அறியார். நந்தனாரின் புகழ் ஏனைய மூவரையும் மறைத்துவிட்டது. அப்புகழிலும் பெரும்பங்கு திரைப்படத்தால் வந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா என்பது அக்காலத்துப் பெருவியப்பு. 1942இல் ஜெமினியார் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். தேசிகரின் குரலை அறிந்த பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். பாட்டை ஆக்கியவரின் பெயரைக் கேட்டால் அவர்களும் சற்றே தயங்குவர். பாடியவரை அறிவோம், நடித்தவரை அறிவோம், ஆக்கியவரை மறப்போம் என்பது தமிழர் மரபாகிவிட்டது போலும்.

இந்நிலை மாறாததன்று. நம் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். சுப்பிரமணிய பாரதியாரைப் புலவர் குழாம் பொருட்படுத்தாதிருந்த காலம் அது. அடிகள் அங்கே பாரதி கழகம் அமைத்து, அக்கவிஞரைக் கற்றோர் அவைக்கு அழைத்து வந்தார். அப்பல்கலைக்கழகம் நின்றதோ நந்தனார் நாளும் நினைந்த சிதம்பரத்தின் அருகில். பின்னர் அடிகளே யாழ்நூல் இயற்றி, 1947இல் அரங்கேற்றி, இயலும் இசையும் ஒரு புலவரின் கையில் ஒன்றுசேரும் என்றும் காட்டினார். ஒரு பாரதியாருக்கு வாயில் திறந்த நாட்டினர் நாம். மற்றைப் பாரதியார் இன்னமும் வாயிலில் நின்று, வருகலாமோ என்று கேட்டுக்கொண்டிருப்பது தகுமா?

பெரிய ஏற்பாடுகள் எவையும் வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் தவணைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, நந்தனார் சரித்திரத்தின் ஒரு காட்சியைச் செய்யுளைப் போலவே சொல்லும் பொருளுமாய் விளக்கலாம். சங்கீத ஆசிரியர் வந்து அதே காட்சியைப் பாடிக்காட்டலாம். பழைய மாணவர் எவரிடமேனும் பாட்டன் பூட்டன் காலத்துக் கீர்த்தனைப் பதிப்புகள் பெட்டியிற் கிடக்குமாயின், அவற்றைக் கரையானுக்கு விடாது கல்லூரி நூலகத்துக்கு உதவலாம். நாம் வகுத்த வரிசையை ஏலாதார் தம் வரிசையை எழுதி அனுப்பினால் மகிழ்ந்து கற்போம். அவ்வரிசையில் எப்பாட்டு முதலில் நின்றாலும், அதனை ஆக்கியவர் பெயரை நம் மாணவர் தடையின்றிச் சொல்லும் நாள் வருமாயின் அதுவே நமக்குப் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் கல்லூரி!